நூற்றெட்டில் பாதி

பாளையங்கோட்டையில் அம்மாவைப் பின்னாலும் என்னையும் அரிசி மூட்டையையும் முன்னாலும் வைத்து டிவிஎஸ் 50 ஓட்டியவர் அப்பா. ஹூஸ்டனில் நான் பழைய பிக்கப் ஒன்று வாங்கி, 5.4 லிட்டர், வி8, முந்நூறு குதிரை என்று போனில் பீற்றிக்கொண்டபோது, கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டுவிட்டுக் கேட்டார்: "ஏல, அப்ப நூத்தியெட்டு டிவிஎஸ் பிஃப்டிய ஒண்ணாக் கட்டி ஓட்டுதியா?"

அந்த நூற்றெட்டும் காலை ஆறு மணிக்கு ஒன்றாக உறுமும். எதிர்வீட்டுத் திரை விலகும். எனக்கு வெட்கமாக இருக்கும். பிக்கப் வைத்திருப்பவனுக்கு ஏது வாரக்கடைசி? ஊரில் எவர் வீடு மாறினாலும் சோபா என் முதுகில்தான் ஏறும். பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்கு அரிசி மூட்டை என்றாலும் என் எண்தான் எல்லோர் போனிலும்.

2011-இல் ஃபோர்டு எஃப்-150-க்கு இரட்டை டர்போ வி6 வந்ததும் எனக்கு அருள் வந்துவிட்டது. அதே வண்டியின் 5 லிட்டர் வி8 360 குதிரை, இந்த மூன்றரை லிட்டர் 365. வீணாய்ப் போகிற புகையையே வைத்துச் சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சுற்றில் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டுகிறான் பாருங்கள் என்று, பிரசாதத்துக்கு வரிசையில் நின்றவர்களிடம் காகிதத் தட்டில் படம் போட்டுக் காட்டிய அந்த இளைஞனை இன்று பார்த்தால் புளியோதரையை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நடப்பேன்.

பிறகு நானே 2.7 லிட்டர் டர்போ வாங்கினேன். ஐம்பத்துநான்கு டிவிஎஸ், சரி பாதி அர்ச்சனை. குதிரை மட்டும் 325. கணக்குப் பார்த்துச் சிரிக்க அப்பா இல்லை. வெறுமனே ஓட்டினால் பெட்ரோலைச் சங்கில் மருந்து போல் குடிக்கும். பின்னால் ட்ரெய்லரை மாட்டி மிதித்தால், திணித்த காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் ஊற்றத்தானே வேண்டும், அண்டா வைக்கச் சொல்லும். இதைத் தட்டில் வரைய அன்று இடம் போதவில்லை.

ராம் 1500-இல் 5.7 லிட்டர் ஹெமி வி8-ஐ 2025-இல் எடுத்துவிட்டு, வாங்குகிறவர்கள் போட்ட கூச்சலில் 2026-க்கே திரும்ப அழைத்து வந்தார்கள். உறுமலுக்கு வெட்கப்பட்டவன் நான், அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன்.

அந்தக் காலத்தில் தெருமுனையில் திரும்பும்போதே மனைவிக்குக் கேட்டுவிடும்; கைகழுவி உட்காருவதற்குள் முதல் தோசை தட்டில் விழும். இப்போது வண்டிகளில் உறுமலை ஸ்பீக்கரில் கலந்து கொடுக்கிறார்கள். அது ஓட்டுகிறவன் காதோடு சரி, அடுப்படி வரை எட்டாது. பூனை மாதிரி வந்து நிறுத்திவிட்டு, "வந்துட்டேன்" என்று நான்தான் குரல் கொடுக்கிறேன்.

"கல்லு இன்னும் காயலையே, பத்து நிமிஷம் ஆகும்!"