வாயில்லா ஜீவன்களும் என் மருமானும்

மனிதரைச் சித்திரம் எழுதுகிறவனுக்கு நேரும் உபாதைகளுக்கெல்லாம் மூல காரணம், எழுதப்படுகிறவருக்கு வாய் இருப்பதுதான் என்பது என் மருமானுடைய தீர்ந்த அபிப்பிராயம். சித்திரப் பள்ளியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்களுக்கு உறவினரான ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரை அவன் வர்ணத்தில் தீட்டிக் கொடுத்தான். படத்திலுள்ள மூக்கு தம்முடையதல்ல என்று அவரும், மூக்கு மட்டுமே அவருடையது, மற்றதெல்லாம் வேறு யாரோ என்று அவருடைய மனைவியும் கட்சி பிரிந்து வாதாடத் தொடங்கவே, அவன் அன்றைய தினமே மனுஷ்ய குலத்தைத் துறந்து மிருக வர்க்கத்தைச் சரணடைந்தான். "மாடு தன் படத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாது, மாமா" என்றான். மாடு சொல்லாது, மாட்டுக்காரர் சொல்லுவார் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றிற்று, ஆனால் தாசில்தார் தம்பதிகள் அவ்வமயம் மத்தியஸ்தத்துக்கு என்னைத் தேடிக்கொண்டிருந்தபடியால், நான் பேச்சை வளர்க்காமல் கொல்லைப்புறம் போய்விட்டேன்.

பட்டணத்தில் மிருகங்களைச் சித்திரம் எழுதும் வித்தைக்கு அப்போது இரண்டு கலாசாலைகள் இருந்தன. எழும்பூர் மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும், மூர் மார்க்கெட்டை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும் ஜனங்கள் பட்டம் கொடுத்திருந்தார்கள். ஆதியில் இரண்டும் ஒரே குடித்தனமாகத்தான் இருந்தன. 1855-ஆம் வருஷத்தில் மியூசியத்தின் அதிகாரியாயிருந்த பால்ஃபர் துரை, அதன் தோட்டத்திலேயே உயிருள்ள பிராணிகளையும் சேர்த்து வைத்தார். பாகப்பிரிவினை ஆனது பிற்பாடு.

என் மருமான் முதலில் செத்த காலேஜில் அப்பியாசம் தொடங்கினான். அங்கே பஞ்சும் வைக்கோலும் அடைத்து நிறுத்தப்பட்டிருக்கும் பிராணிகள் நாள் முழுவதும் அசையாமல் ஒத்துழைக்கும் என்பது வாஸ்தவமே. ஆனால் அவற்றின் முகபாவம் பிரம்மதேவன் கொடுத்ததன்று, பஞ்சு அடைத்தவர் கொடுத்தது. ஆகவே அந்த நாட்களில் அவன் எழுதிய புலி, மான், கீரிப்பிள்ளை எல்லாமே, தாம் இறந்துபோன சமாசாரத்தை அப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி விழித்துக்கொண்டிருந்தன.

உயிர் காலேஜில் கதை வேறு. கூண்டுப் புலி ஓயாமல் நடக்கும். பென்சில் அதன் தோளை எட்டுவதற்குள் வால் இந்தப் பக்கம் வந்துவிடும். அதற்கு இந்த வித்தையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே காகிதத்தில் நாலைந்து படங்களைத் தொடங்கி வைத்து, மிருகம் எந்த நிலைக்குத் திரும்பி வருகிறதோ அந்தப் படத்தில் இரண்டு கோடு சேர்த்து, அது திரும்பினதும் அடுத்த படத்துக்குத் தாவவேண்டும். மாலைக்குள் ஒன்றாவது முழுமை பெற்றால் பாக்கியம். புலியைக் காட்டிலும் பெரிய தொல்லை முதுகுக்குப் பின்னால் நின்றது. வேர்க்கடலைப் பொட்டலத்துடன் வந்த ஜனங்கள் புலியைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவனைச் சூழ்ந்துகொண்டு, வால் நீளம் போதாதென்றும், கோடுகளை எண்ணிப் போட்டானா என்றும் விசாரித்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே அவனுக்கு ஞானம் வளர்ந்ததை நான் மறுக்க முடியாது. அந்த ஞானத்தில் பெரும் பகுதி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு வேளையில் வெளிப்பட்டது. குதிரையின் பின்னங்காலில் பின்பக்கமாக மடிகிறதே, அதை முழங்கால் என்று நாம் நினைப்பது தவறு, அது குதிகால். பிராணி நுனிவிரலில் நிற்கிறது என்பான் ரசம் சாதத்தின்போது. பசு எழுந்திருக்கையில் பின்னங்காலை முதலில் ஊன்றும், குதிரையோ முன்னங்காலை என்பான் மோர் சாதத்தின்போது. ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் நீண்டது, பூனையின் கண்மணி நெட்டுக்குத்தானது, புலியினுடையது வட்டம் என்று கை கழுவும்போது முடிப்பான்.

ஒரு நாள் ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கிலச் சித்திரக்காரரின் சரித்திரத்தை எடுத்தான். லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்துப் பண்ணை வீடு ஒன்றில் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் தங்கி, செத்த குதிரைகளைக் கப்பியிலே கட்டித் தொங்கவிட்டு, தோலையும் சதையையும் அடுக்கடுக்காக உரித்துப் பார்த்து எழுதி, 1766-ல் குதிரையின் அங்க சாஸ்திரத்தைப் புத்தகமாகவே வெளியிட்டாராம் அந்த மகான். என் சகதர்மிணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வீட்டில் பெண்பிள்ளைகள் யாரும் இல்லையாடா?" என்று கேட்டாள். "இருந்தாள், மாமி. மேரி ஸ்பென்ஸர் என்று ஓர் அம்மாள், அவளே கூடமாட ஒத்தாசை செய்தாளாம்" என்றான். அன்று குழம்பு இரண்டாம் முறை பரிமாறப்படவில்லை.

நல்லவேளையாக, ஸ்டப்ஸ் பட்ட பாட்டை இவன் படவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவர் தோலை உரித்துத் தெரிந்துகொண்ட எலும்புகளையெல்லாம் எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்காக் குதிரை தோலுடனேயே காண்பித்துவிட்டது. தவிர, அது அசைந்ததும் கிடையாது. சவாரி வந்தபிறகும் அசையவில்லை என்பது வண்டியில் ஏறினவர்களுடைய கஷ்டம்; சித்திரக்காரனுக்கு அதில் நஷ்டமில்லை.

படிப்பு முடிந்து, ஒரு பத்திரிகைக்குப் படம் போடத் தொடங்கியபோதுதான் கற்றதெல்லாம் இடைஞ்சலாக வந்து வாய்த்தது. கரடியின் ரோமத்தை ஒவ்வொன்றாக, ராத்திரி கண் விழித்து, மெல்லிய பேனாவால் இழைத்திருந்தான். பிளாக் செய்து அச்சேற்றியதும் இடைவெளிகளில் மை அடைத்துக்கொண்டு, கரடி இருந்த இடத்தில் ஒரு மசிக்கறை பிரசுரமாயிற்று. அடுத்த வாரம் சரித்திரத் தொடர்கதை. கதாநாயகன் குதிரைமேல் பறக்கவேண்டும். 1878-ல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் பந்தயப் பாதை நெடுகப் பன்னிரண்டு காமிராக்களை வைத்துப் படம் பிடித்து, ஓடும் குதிரையின் நாலு கால்களும் தரையை விட்டு எழும் தருணத்தில் அவை முன்னும் பின்னும் நீண்டிருப்பதில்லை, வயிற்றுக்கடியில் கூடியிருக்கின்றன என்று நிரூபித்திருக்கிறார். அதுவரையில் ஐரோப்பாவின் பெரிய ஓவியர்களே கால்களை நீட்டித்தான் எழுதிவந்தார்கள். இவன் நிரூபணமானபடியே எழுதிக்கொண்டு போனான். ஆசிரியர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "குதிரை தடுக்கி விழுகிறதே, ஏன்?" என்றார். இவன் மைபிரிட்ஜைச் சாட்சிக்கு இழுத்தான். "அவர் நம் சந்தாதாரரா?" என்று கேட்டார் ஆசிரியர். மறு பிரதியில் குதிரை நாலு கால்களையும் பரப்பிக்கொண்டு, இயற்கைக்கு விரோதமாகவும் வாசகர்களுக்குத் திருப்தியாகவும் பறந்தது.

மாட்டுக்காரரும் கடைசியில் வந்தே சேர்ந்தார். பரிசு வாங்கிய பசு ஒன்றின் படத்தைப் பார்த்து, மடி சிறிது என்றார். எதிரே பசு நிற்கிறது, அளந்து பார்க்கலாம் என்று இவன் சொன்னதற்கு, அது கறந்த மடி என்றார். இங்கிலாந்தில் தாமஸ் பெவிக் என்ற மரச்செதுக்குச் சித்திரக்காரரிடம், பண்ணை மாடுகளுக்கு இல்லாத கொழுப்பைப் படத்திலே வைக்கச் சொன்னார்களாம். அவர் மாட்டேனென்று மறுத்துவிட்டாராம். பெவிக் பெரியவர். என் மருமான் வாடகை கொடுக்கவேண்டியவன்; மடியைப் பெரிதாக்கினான்.

இப்போது குழந்தைகளுக்கான அரிச்சுவடி ஒன்றுக்குப் படம் எழுதிக்கொண்டிருக்கிறான். அணில், ஆடு, ஈ, எலி, ஒட்டகம், ஓணான் என்று தமிழ் நெடுங்கணக்கு பிராணிகளிடம் விசேஷ அபிமானம் காட்டியிருப்பது அவனுடைய அதிர்ஷ்டம். ஈக்கும் ஒட்டகத்துக்கும் ஒரே கூலி. அவற்றுள் ஈயைத்தான் அவன் மிகுந்த சிரத்தையுடன் எழுதியிருக்கிறான். அதற்குச் சொந்தக்காரர் என்று யாரும் வந்து நிற்கப்போவதில்லை என்கிற தைரியம். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் புத்தகம் வெளிவரும். குழந்தைகளுள்ள அன்பர்கள் வாங்கி ஆதரிக்கவேண்டும். ஒட்டகத்தைப் பற்றி மட்டும் கடிதம் எழுதவேண்டாம்.