ஐந்திணையும் ஒரு பெருந்திணையும்: பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் 5.1 ஒலி குறித்து

குறைந்த செலவில் ஹோம் தியேட்டர் அமைப்பது எப்படி என்ற கேள்விக்குக் கடைக்காரர்கள் விடை சொல்லியிருக்கிறார்கள். மைத்துனர்கள் கேட்காமலேயே சொல்லியிருக்கிறார்கள். தமிழ் இலக்கணிகள் மட்டும் வாய் திறக்கவில்லை என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. தொல்காப்பியப் பொருளதிகாரம் அகத்திணைக்குரிய பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியன கருப்பொருள். அங்கே மாந்தரின் மனத்தில் நிகழ்வது உரிப்பொருள். கருப்பொருள் பட்டியலில் பறையும் யாழும் இடம்பெற்றிருப்பதன் ஒலியியல் உட்பொருளை உரையாசிரியர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். பறை வூஃபர், யாழ் ட்வீட்டர் என்று கொண்டால் ஒலிக்கருவி எதுவாயினும் அது வெறும் கருப்பொருள்தான் என்பது பெறப்படும். இக்கட்டுரையின் கருதுகோள் இதுதான்: நடுத்தர வர்க்கத்து வாடிக்கையாளர் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்க் கருப்பொருளை மட்டும் வாங்கி வருகிறார். முதற்பொருளாகிய ஹாலை அவர் அளக்கவில்லை. உரிப்பொருள், அதாவது திரையில் இருப்பவர் என்ன பேசினார் என்பது காதில் விழுவது, அவர் நினைவிலேயே இல்லை. முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தது என்பது உரைமரபு. பணமும் அந்த வரிசைப்படி போக வேண்டும்.

முதலில் பெயர் விளக்கம். 5.1 என்ற எண்ணை 1987-ல் முன்மொழிந்தவர் டாம்லின்சன் ஹோல்மன் என்ற அமெரிக்க ஒலி வல்லுநர். முன்னால் இடம், வலம், நடு, பின்பக்கத்தில் இரண்டு, ஆக முழுவீச்சுத் தடங்கள் ஐந்து. ஆறாவது தடம் 120 ஹெர்ட்ஸ் வரையுள்ள அடித்தொனிக்கு மட்டும் உரியது. மற்றவை 20,000 ஹெர்ட்ஸ் வரை போகையில் இது 120-ல் நின்றுவிடுவதால், கணக்குப்படி இதன் பெயர் 5.006 என்றிருக்க வேண்டும். அந்தப் பெயரில் பெட்டி விற்காது என்பதால் 5.1 ஆயிற்று. தமிழ்த் திரையில் 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்தது. 1996-ல் ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ் ஒலியோடு வந்தது. அதன்பின் டிடிஎஸ் என்ற மூன்றெழுத்து, சுவரொட்டிகளின் தயவால், ‘சத்தம் அதிகம்’ என்பதற்கான தமிழ்ச் சொல்லாகவே நிலைத்தது. இனித் திணைப் பொருத்தம். ஐந்து ஸ்பீக்கர்களும் நடுவணைந்திணை. அளவு மீறிய காமமாகிய பெருந்திணை சப்வூஃபர். எஞ்சியிருக்கும் கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம், ஹோம் தியேட்டர் வேண்டும் என்று வீட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் இருக்கும் விருப்பம். அதற்குப் பெட்டி தேவையில்லை.

முதற்பொருளுக்கு வருவோம். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம். தரையில் வழவழப்பான டைல்ஸ், சுவரில் பட்டி பார்த்து அடித்த எமல்ஷன், தலைக்கு மேல் கான்கிரீட். இப்படிப்பட்ட அறையில் கைதட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் அலைந்துவிட்டுத்தான் ஓயும். இந்த அலைச்சலை முதன்முதலில் அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வாலஸ் சாபின். 1895-ல் அங்கே ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சுப் புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்க, அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகத் தூக்கி வந்து அடுக்கி, எதிரொலி எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று குறித்தார். ஒலி உறிஞ்சலுக்கு அவர் கண்ட அளவுகோல் நம் ஆய்வுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது: திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பாது என்பதால் திறந்த ஜன்னல் முழு உறிஞ்சல். மேற்சொன்ன ஹாலின் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். ஆறு பக்கங்களின் பரப்பு சுமார் 63 சதுர மீட்டர். ஒன்றுமில்லாத காலி அறையில் அந்தப் பரப்பு ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை விழுங்கும் என்று வைத்துக்கொண்டால், சாபின் சூத்திரப்படி எதிரொலி அடங்க ஏறத்தாழ 2.9 விநாடி ஆகும். நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்றைத் திறந்தால் அது 1.6 விநாடியாகிறது. செலவு சுழியம். ஜன்னலைத் திறந்தால் தெருச் சத்தம் உள்ளே வருமே என்பது நியாயமான மறுப்பு. அப்படியானால் கனத்த திரைச்சீலை, தரையில் ஜமுக்காளம், பின்சுவரில் புத்தக அலமாரி. அதுவும் இல்லையேல் உறவினரைக் கூப்பிடலாம். உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ அரை சதுர மீட்டர் ஜன்னலுக்குச் சமம், ஆகவே மூன்று விருந்தாளிகள் ஒரு ஜன்னல். அவர்கள் படம் முழுக்கப் பேசாமலிருந்தால்தான் இந்தச் சமன்பாடு செல்லும்.

அடுத்தது வாட்ஸ் என்னும் மாயை. எத்தனை வாட்ஸ் வேணும் சார் என்பதே கடையில் எழும் முதல் கேள்வி. சிறிய பிளாஸ்டிக் பெட்டிகளின் நெற்றியில் பிஎம்பிஓ, அதாவது கணநேர உச்சத் திறன், என்ற முத்திரையோடு ஆயிரக்கணக்கில் ஓர் எண் ஒட்டியிருக்கும். அதே பெட்டியைத் திருப்பினால், ஒயர் நுழையுமிடத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் ‘230 வோல்ட், 40 வாட்’ என்றிருக்கும். முன்பக்கம் புராணம், பின்பக்கம் வரலாறு. நாற்பது உள்ளே போய் நாலாயிரம் வெளியே வருமானால் அது மின்வாரியத்துக்குக் கொடுக்க வேண்டிய கருவி. வீட்டின் ஐந்து ஆம்பியர் பிளக்கே 1,150 வாட்டுக்கு மேல் தாங்காது. பெயர்பெற்ற ரிசீவர்களின் விவரத்தாளிலும் பதம் பிரித்துப் பொருள் கொள்ள வேண்டும். ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் மட்டும், 10 விழுக்காடு சிதைவு’ என்று அடிக்குறிப்பு இருந்தால், அது வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போன மாதத்தின் செலவை வைத்துக் குடும்ப பட்ஜெட் போட்டதற்கு ஒப்பு. ‘8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்’ என்ற வரிக்கு எதிரே உள்ள சிறிய எண்தான் நம்பத்தக்கது. அந்தச் சிறிய எண்ணே போதும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர், பத்தடி தள்ளியுள்ள சோபாவில் சுமார் 77 டெசிபல் தரும். மனிதப் பேச்சு சுமார் 60 டெசிபல். அதாவது ஒரே வாட்டில் அது குடும்பத்தாரைப் பேச்சில் வென்றுவிடுகிறது. ஐம்பது வாட்டை நூறாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான்; காதுக்கு இருமடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். ரிசீவருக்குக் கொட்டிக் கொடுப்பதைவிட 87-க்குப் பதில் 90 டெசிபல் உணர்திறன் கொண்ட பெட்டியைத் தேர்ந்தால் அதே 3 டெசிபல் வந்துவிடும். சினிமா அரங்கின் தரப்படி ஒவ்வொரு தடமும் உச்சத்தில் 105 டெசிபலைத் தொட வேண்டுமே என்பார் சிலர். உண்மை, அதற்கு அந்தச் சோபாவில் ஐந்நூறு வாட்டுக்கு மேல் தேவைப்படலாம். ஆனால் 95-ஐத் தாண்டும்போதே கீழ்வீட்டுக்காரர் மாடிப்படி ஏறத் தொடங்கியிருப்பார். அடுக்குமாடியில் உச்ச ஒலியைத் தீர்மானிப்பது ரிசீவர் அல்ல.

உரிப்பொருளே இவ்வாய்வின் கரு. ஐந்து தடமுள்ள படத்தில் வசனத்தில் பெரும்பங்கு நடுத்தடத்தில் வைக்கப்படுகிறது. கதை அந்தப் பெட்டியில் இருக்கிறது. மற்றவற்றில் இருப்பது மழை, கூட்டம், ஹெலிகாப்டர். ஆனால் மலிவு செட்களில் மிக இளைத்த பிள்ளை இதுதான். இடமும் வலமும் ஆளுயரத் தூண்களாய் நிற்க, நடுவே சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை வைத்துவிட்டு, வசனம் வந்தால் ஒலியைக் கூட்டுவதும் சண்டை வந்தால் குறைப்பதுமாக ரிமோட்டோடு மல்லுக்கட்டுவது தமிழ்க் குடும்பத்தின் இரவு உடற்பயிற்சி. நடுப்பெட்டி எதற்கு, இடமும் வலமும் ஒரே அளவில் ஒலித்தால் குரல் நடுவிலிருந்து வருவதுபோலத்தானே கேட்கும் என்று ஸ்டீரியோ சமயத்தார் வாதிடுவர். தனியாக நடுவில் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த வாதம் முற்றிலும் சரி. அவர் இரண்டு நல்ல ஸ்பீக்கர் மட்டும் வாங்கிக்கொண்டு இக்கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் எந்த ஒலி முதலில் காதை எட்டுகிறதோ அத்திசையையே மூளை நம்பும் என்று 1949-ல் ஹெல்முட் ஹாஸ் காட்டினார். சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்த அத்தைக்குக் கதாநாயகன் இடது தூணுக்குள் இருந்து பேசுவான். வலது ஓரத்து மாமாவுக்கு வலது தூணிலிருந்து. நடுப்பெட்டி இருந்தால்தான் இருவருக்கும் அவன் திரையில் இருப்பான். எனவே முன்வரிசை மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். இல்லையேல் இடமிருந்து வலம் போகும் லாரி நடுவில் ஆட்டோவாகிவிடும். பெட்டியைத் தேங்காய் வாங்குவதுபோல் சுண்டிப் பார்க்கலாம். பொத்தென்று கேட்டால் உறுதியான பெட்டி. டங்கென்று அதிர்ந்தால் பாட்டோடு பெட்டியும் சேர்ந்து பாடும். நடுப்பெட்டியை ஷோகேஸின் உள்ளே தள்ளாமல் விளிம்புக்கு இழுத்து, முன் ஓரத்தின் கீழ் இரண்டு அழிரப்பர் கொடுத்துக் காதை நோக்கி நிமிர்த்த வேண்டும். ரிசீவரில் நடுத்தடத்தை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்ற வேண்டும். பத்து ரூபாய் ரப்பருக்கு ஈடான மேம்பாடு ஒலியியலில் வேறில்லை.

பெருந்திணை பற்றிச் சுருங்கச் சொல்வது இயலாது, ஏனெனில் அது சுருங்காது. 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 மீட்டர். நம் ஹால் 3.66 மீட்டர். பன்னிரண்டடிச் சுவர்களுக்கிடையே 47 ஹெர்ட்ஸ் அலை நின்ற அலையாகிவிடும். சுவரோரங்களில் அதன் அழுத்தம் உச்சம், அறையின் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பின்சுவரை ஒட்டிய சோபாவில் இருப்பவர் வயிறு அதிர்கிறது என்பார். நடுஹாலில் ஈசிசேரில் சாய்ந்திருக்கும் தாத்தா சப்வூஃபர் ரிப்பேர் என்பார். இருவரும் உண்மையே சொல்கிறார்கள். ஆகவே பத்து அங்குலமா பன்னிரண்டு அங்குலமா என்பது இரண்டாம் கேள்வி. எங்கே வைப்பது என்பதே முதல் கேள்வி. இதற்கு உலகெங்கும் பின்பற்றப்படும் முறை, சப்வூஃபரைத் தற்காலிகமாகச் சோபாவின் மேல் ஏற்றிவிட்டு, வாங்கியவர் தரையில் சுவரோரமாகத் தவழ்ந்து, அடித்தொனி எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே அதை இறக்கி வைப்பது. குடும்பத் தலைவர் நாற்பத்தைந்து வயதில் மீண்டும் செங்கீரைப் பருவம் எய்தும் இந்நிகழ்வைப் பிள்ளைத்தமிழ் ஆய்வாளர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பிறகு ரிசீவரில் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்றும் பிரிப்பை 80 ஹெர்ட்ஸ் என்றும் வைக்க வேண்டும். முப்பதாயிரம் கொடுத்து வாங்கியதை ஸ்மால் என்பதா என்று மனம் குமுறும். அடித்தொனிச் சுமையை சப்வூஃபருக்கு மாற்றுவதுதான் அதன் பொருள், மானம் போகவில்லை.

எஞ்சியவை சரவுண்ட் இரண்டும். இவை கேட்பவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்னே, 100 முதல் 120 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும் என்கிறது சர்வதேசப் பரிந்துரை. அந்த இடத்தில் நம் ஹாலில் ஒரு பக்கம் பூஜை அலமாரி, மறுபக்கம் சமையலறைக் கதவு. ஆகவே அவை தொலைக்காட்சிக்கு மேலேயே, மற்றவற்றோடு வரிசையாக, கல்யாண போட்டோவில் நிற்பவர்போல நிற்கின்றன. தனக்கென நிலம் இல்லாத திணை பாலை. அதன் உரிப்பொருள் பிரிதல். சரவுண்ட் வாங்குவதைத் தற்காலம் பிரிந்திருப்பதே இலக்கணத்துக்கு உகந்தது. ரிசீவரின் ஐந்து வாயில்களில் இரண்டு காலியாக இருந்தால் குறையில்லை. மெனுவில் இல்லை என்று குறித்துவிட்டால் அத்தடங்களின் ஒலி முன்பக்கத்துக்கு வந்துவிடும். ஒயருக்கும் தனி நிதி வேண்டாம். ஐந்து மீட்டர் தூரத்துக்கு வீட்டு ஒயரிங்குக்குப் போடும் ஒன்றரை ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரின் மின்தடை, போய்வரும் இரு வழியும் சேர்த்து, சுமார் 0.12 ஓம், எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே அல்ல. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் ஒயர் பார்ப்பதற்குரியது.

முடிபு வருமாறு. கையில் ஐம்பதாயிரம் இருந்தால் பாதி முன்வரிசை மூன்றுக்கு. மீதியில் எச்டிஎம்ஐ ஏஆர்சி வாயிலும், ஒவ்வொரு தடத்துக்கும் தனி அளவும், அறையை அளக்கும் மைக்கும் உள்ள சென்ற ஆண்டு மாடல் ரிசீவர் ஒன்று. சப்வூஃபர் அடுத்த தீபாவளி போனசுக்கு. சரவுண்ட், வீடு மாறும்போது. முதற்பொருளில் பொழுது என்றொரு பாதியை இதுவரை தொடவில்லை; அதற்குச் செலவே கிடையாது. இரவு ஒன்பது மணிக்குப் படம் போடுபவர் ஃபேனை இரண்டில் வைக்கவும், பாத்திரம் துலக்கிய பிறகே தொடங்கவும், குக்கரை முதலிலேயே இறக்கிவிடவும். மூன்றாவது விசிலை வெல்லும் நடுப்பெட்டி எந்த விலையிலும் கிடைக்காது.