மஞ்சள் பையும் ஜெராக்ஸ் எந்திரமும்

நகலெடுத்தல், அச்சிடுதல், ஸ்கேன் செய்தல் ஆகிய மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய இன்றைய ஜெராக்ஸ் எந்திரம், மருத்துவமனைகளின் எழுத்து வேலையில் பாதியை விழுங்கிவிடும் என்ற நம்பிக்கை அதை விற்பவர்களிடம் உறுதியாக நிலவுகிறது. அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டு மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைச் சாலை வழியே காரியாபட்டிக்கு வந்திறங்கும் விற்பனைப் பிரதிநிதி ஒருவருக்கும், அவ்வூர்க் கிளினிக் ஒன்றில் சீட்டு எழுதி, மருந்து கொடுத்து, கணக்கும் பார்க்கும் முதிய கம்பவுண்டர் ஒருவருக்கும் இடையே நிகழ்வதாகக் கற்பித்த உரையாடல் இது. ஆட்கள் கற்பனை, அவர்கள் எடுத்துக்காட்டும் செய்திகள் கற்பனையல்ல.

பிரதிநிதி: அண்ணாச்சி, இதன் தலையில் இருப்பது ஃபீடர், அதாவது தாள்கட்டை வைத்தால் ஒவ்வொன்றாகத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும் தட்டு, டூப்ளெக்ஸ் வசதியோ தாளின் இரு பக்கத்தையும் தானே திருப்பி எடுத்துவிடும்.

கம்பவுண்டர்: தாள் தாளாக இருந்தால் சரிதான், தம்பி. மல்லாங்கிணற்றுப் பாட்டி மஞ்சள் பையிலிருந்து எடுத்துத் தருவது எட்டாக மடித்து, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, வெற்றிலைக் கறையும் ஏறிய சீட்டு. அதை ஃபீடரில் விட்டால், பாட்டியின் சர்க்கரை அளவு எந்திரத்தின் வயிற்றுக்குள் போய்விடும்.

கம்பவுண்டரின் கவலையை எளிதில் தள்ளிவிட முடியாது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் உள்நோயாளிகளின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் காக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் சொல்கின்றனவே தவிர, சீட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் புறநோயாளியின் வரலாறு பெரும்பாலும் அவர் கையிலுள்ள பையில்தான் தங்குகிறது.

பிரதிநிதி: பாட்டியின் அட்டைகளைக் கண்ணாடிமேல் வையுங்கள், 'ஐடி காப்பி' பொத்தான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே தாளில் இறக்கித் தந்துவிடும்.

கம்பவுண்டர்: அது ஒன்றுதான் உருப்படியான பொத்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012இல் தொடங்கியதிலிருந்து குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று என்று நகல் கேட்காத நாளில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? கடை தொலைவில் இருந்தபோது ஒரு நகல் கேட்ட அலுவலகங்கள், வாசலிலேயே கடை வந்ததும் மூன்று கேட்கத் தொடங்கின. உங்கள் எந்திரம் நிமிடத்துக்கு நாற்பது எடுக்கும் என்பது தாலுகா அலுவலகத்துக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

பிரதிநிதி: இந்தக் கண்டுபிடிப்பையே குறை சொல்லலாமா, அண்ணாச்சி? அமெரிக்காவில் காப்புரிமை ஆவணங்களைக் கையால் பெயர்த்து எழுதி அலுத்த செஸ்டர் கார்ல்சன், கீல்வாதத்தோடு போராடிக்கொண்டே 1938 அக்டோபர் 22 அன்று முதல் உலர்நகலை எடுத்தார்.

கம்பவுண்டர்: அவர் கைவலிக்கு மருந்து கண்டார், மறுக்கவில்லை, அந்த வலி இங்கே நோயாளியின் காலுக்கு இறங்கிவிட்டது.

பிரதிநிதி: அப்படியானால் தாளே வேண்டாம், ஸ்கேன் செய்தால் நோயாளியின் பெயரில் உள்ள கோப்புறைக்குப் படம் தானே போய்ச் சேரும்.

கம்பவுண்டர்: போய்ச் சேர்வது எதுவென்பதையும் பார்க்க வேண்டும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி வல்லுநர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் எந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது, 21.11, 17.42 என்றிருந்த அறைப் பரப்புகள் 14.13 என்று வெளிவந்தன. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஒத்த தோற்றமுள்ள எழுத்துத் துண்டுகளில் ஒன்றையே மற்றவற்றுக்கும் போட்டுவிடும் சுருக்கமுறைதான் காரணம். நிறுவனம் பின்னர் திருத்தம் வெளியிட்டது. அறை சுருங்கினால் கட்டில் நுழையாது, அவ்வளவுதான். இன்சுலின் 6 யூனிட் 8 ஆனால் பாட்டி என்ன ஆவார்?

பிரதிநிதி: (குரலைத் தாழ்த்தி) ரகசியம் காக்கக் கடவு எண் உண்டு, எண்ணை அழுத்தினால்தான் அச்சு வெளிவரும். பழைய எந்திரத்தையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

கம்பவுண்டர்: அதன் ஹார்ட் டிஸ்கில், அதாவது எடுத்த நகல்களின் உருவம் தங்கும் நினைவகத்தில் இருப்பதையும் சேர்த்தா? வாடகை முடிந்து திருப்பிய எந்திரங்களில் அதை அழிக்காமல் விட்டதற்காக, அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது.

பிரதிநிதி: அழிக்கும் வசதி இருக்கிறது, அண்ணாச்சி, அதற்குத் தனி விலை.

இவ்வளவு மறுத்த கம்பவுண்டரே, பிரதிநிதியின் விலைப்பட்டியலில் இல்லாத ஒரு பயனை எடுத்துச் சொன்னது வியப்புக்குரியது. ஈசிஜி சுருள், சூடு பட்டால் கறுக்கும் தாளில் பதிவதால், இந்தக் கரிசல் வெயிலில் சில ஆண்டுகளில் மங்கிப்போகும். எடுத்த அன்றே அதை நகலெடுத்துப் பையில் வைத்தால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மருத்துவர் பழைய இதயத்துடிப்பைப் புதியதோடு ஒப்பிட முடியும். ஆகவே ஃபீடர் வேண்டாம், கண்ணாடி ஒன்று போதும் என்றும், டோனர் பொடியைத் தாளில் உருக்கும் சூட்டு உருளை இழுக்கும் மின்சாரத்தைக் கிளினிக்கின் இன்வெர்ட்டர் தாங்குமா என்றும் அவர் கேட்டார்.

பிரதிநிதி: தாங்கும்படியாக ஒரு சிறிய மாடல் தரலாம். தவணைக்கு ஆதார், பான் அட்டை, வாடகை ஒப்பந்தம், ஒவ்வொன்றிலும் மூன்று நகல் தேவை. கொண்டுவந்த எந்திரத்தில் டோனர் தீர்ந்துவிட்டது. எதிர்க்கடையில் எடுத்துவிடுவோமா, அண்ணாச்சி?