தண்ணீர்மலை வளைவுகளும் மைவி மோட்டாரும்

தண்ணீர்மலைப் பக்கமிருந்து பினாங்குக் கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர். எழுபதுகளில் அப்பா அதில் முதலாளியின் லேண்ட் ரோவரை ஓட்டினார். சீரிஸ் டூஏ, 88 அங்குல வண்டி. அரிசியும் சிமெண்டு மூட்டையும் மேலே போகும், தோட்டத்துக் காய்கறி கீழே வரும். வட்டமடிக்க 38 அடி கேட்கும் வண்டி அது. கொண்டை ஊசி வளைவில் ஒரே வீச்சில் திரும்பாது. நிறுத்தி, பின்வாங்கி, நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கை ஒடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்து நிற்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் சொல்லித் தந்த முதல் பாடம்: "கட்டைவிரலை உள்ளே விடாதேடா. டயர் கல்லில் இடிச்சா ஸ்டீரிங் திருப்பி அடிக்கும். விரல் முறிஞ்சிடும்." இன்றும் கட்டைவிரலை விளிம்பின் மேலேயே வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

சீரிஸ் வண்டிகளின் உற்பத்தி 1985இல் நிற்கும்வரை ஆலையிலிருந்து பவர் ஸ்டீரிங் வந்ததே இல்லை. ஆகவே கனம்தான் அந்த வண்டியின் சுபாவம் என்று ஊரே நம்பியது. முதலாளி கைவிட்ட வண்டியை அப்பா வாங்கிக்கொண்டார். வயது எழுபதைத் தாண்டியதும் அவருடைய தோள் மறுத்துவிட்டது. லிட்டில் இந்தியாவில் இரண்டு கார்களுக்கு நடுவே வண்டியை நுழைக்க முடியாமல் சாவியை என்னிடம் நீட்டிய நாளில், பவர் ஸ்டீரிங் பொருத்திவிடுவது என்று முடிவெடுத்தேன்.

பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறைக்காரர். பெரோடுவா மைவி காரின் மின்சார ஸ்டீரிங் மோட்டாரைப் பொருத்தலாமா என்று நான் கேட்டதும் தலையசைத்தார். "மாட்டலாம் தம்பி. முதல்ல ரிலேயைக் கழட்டுவோம்."

ரிலே என்பது முன்சட்டத்துக்குள் செங்குத்தாக நிற்கும் உருளை. ஸ்டீரிங் பெட்டியின் அசைவை வாங்கிச் சக்கரங்களுக்குக் கொடுப்பது அதுதான். உள்ளே அழுத்தி வைத்த தடித்த ஸ்பிரிங் இருக்கும். கவனமில்லாமல் பிரித்தால் முகத்துக்கே பாயும். அதில் எண்ணெய் இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் கறுத்த பசைதான் இருந்தது. துருப்பிடித்துச் சட்டத்தோடு ஒட்டிப்போன அதை வெளியே எடுக்கவே ஒரு பகல் ஆனது. ஆறு பால் ஜாயிண்டுகளும் மாறின. மோட்டார் மாட்டுவதற்கு முன்பே ஸ்டீரிங்கின் கனம் பாதி இறங்கிவிட்டது. அத்தனை வருஷம் அப்பாவின் தோள் இழுத்ததில் பாதி வறட்சியைத்தான் என்று நினைக்க மனம் வலித்தது.

தேய்ந்ததை அப்படியே விட்டு மோட்டாரை மட்டும் பூட்டினால் ஆபத்து. கை லேசாகிவிடும், ஆட்டம் இருப்பது தெரியாது. கரன்ட் விஷயமும் உண்டு. பழைய லூக்காஸ் டைனமோ 22 ஆம்பியர்தான் தரும். நின்ற இடத்தில் திருப்பும்போது மோட்டார் அதற்கு மேல் இழுக்கும். அதனால் ஆல்டர்னேட்டர் போட்டோம். பர்மன் ஸ்டீரிங் பெட்டி அதன் இடத்திலேயே இருக்கிறது, ஸ்டீரிங் தண்டில்தான் மாற்றம்.

ஒரு ஞாயிறு காலை அப்பா ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கர்னி டிரைவ் வரை போய்த் திரும்பியவர் சொன்னார்: "ரோட்டில என்ன இருக்குன்னு கைக்குத் தெரியலையே."

அது நியாயமான பேச்சு. மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உதவியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருக்கிறது. அவரையே உட்காரவைத்து, அவர் போதும் என்று சொல்லும்வரை குறைத்தோம். பாதிக்கும் கீழே நின்றது. கட்டைவிரல் மட்டும் இப்போதும் வெளியேதான்.