கேட்டுவிட்டு ஒதுக்குங்கள்!

மும்பை கிங்ஸ் சர்க்கிள் கேள்வி-பதில்

(இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பாட்டைப் பற்றியே. அதனால் பக்கம் முழுவதையும் இசைக்கே கொடுத்துவிட்டோம்.)

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மாட்டுங்கா

கே: சண்முகானந்தா ஹாலில் கர்நாடக சங்கீதம் கேட்டே தலை நரைத்தவன் நான். வேறெதையும் காது கொடுத்துக் கேட்டதில்லை. "உங்க ரசனை ரொம்பக் குறுகல்ப்பா" என்கிறாள் மருமகள். ரசனை என்றால் கண்டதையும் கேட்பதா?

ப: இல்லை. தோடியின் காந்தாரம் எப்படி அசைகிறது என்று வருஷக்கணக்கில் கவனித்த காதைக் குறுகல் என்று யாரும் சொல்லக்கூடாது. பாடகர் ஒரு பிடியைப் பாதியில் விட்டு வேறு பக்கம் திரும்பினால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். அந்தக் காது கடையில் கிடைக்காது.

ஆனால் "கேட்டதில்லை" என்கிறீர்களே, அங்கே நான் மருமகள் கட்சி. நீங்கள் கேட்கும் சங்கீதம் உங்களைவிட அதிகம் ஊர் சுற்றியது. ஒரே ஒரு குடும்பத்தைப் பாருங்கள். அப்பா ராமசுவாமி தீட்சிதர் ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கினார். மூத்த மகன் முத்துசுவாமி காசிக்குப் போய் வடநாட்டு இசையைக் கேட்டார். ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அவர்கள் "கேட்டதில்லை" என்று இருந்திருந்தால், இன்று உங்கள் பாடகருக்குப் பக்கத்தில் வயலின்காரர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

ஹம்சத்வனியும் வீட்டோடு இருக்கவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் லைன் லோக்கல் ஏறி சாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் இறங்கினால் பெண்டி பஜார். அந்தப் பெயரில் ஒரு கரானாவே, அதாவது இந்துஸ்தானி இசைப் பரம்பரையே, இருக்கிறது. அதைச் சேர்ந்த உஸ்தாத் அமான் அலி கான்தான் ஹம்சத்வனியை இந்துஸ்தானி மேடையில் பரப்பியவர் என்பார்கள். 1956-ல் சலில் சௌதுரி அதே ராகத்தைப் 'பரிவார்' இந்திப் படத்தில் கொண்டுவந்தார். உங்களுக்குப் பிடித்த ராகத்தை அது குடியேறிய வீடுகளிலும் போய்ப் பாருங்கள். மருமகளையும் கூட்டிப் போனால் வீட்டில் வழக்கு முடிந்துவிடும்.

கல்லூரி மாணவி, சயான்

கே: என் ஃபோனில் கஜல், கொரியன் பாப், கானா, அபங்கம், ஜாஸ் எல்லாம் இருக்கிறது. எனக்கு எல்லாமே பிடிக்கும். என் ரசனை விரிந்தது என்று சொல்லிக்கொள்ளலாமா?

ப: முதலில் மூன்று கேள்விக்கு விடை சொல்லுங்கள். எந்தப் பாட்டை இந்த மாதம் முழுசாக மூன்று தடவை கேட்டீர்கள்? எது பிடிக்கவில்லை? ஏன் பிடிக்கவில்லை? மூன்றுக்கும் விடை இருந்தால் உங்கள் ரசனை விரிந்ததுதான். இல்லாவிட்டால் விரிந்திருப்பது ஃபோனின் கொள்ளளவு.

எல்லாம் பிடிக்கும் என்றால் எதுவும் இன்னும் உங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சில இசைக்கு நேரம்தான் நுழைவுச்சீட்டு. மோகனத்தை ஆலாபனை செய்பவர் கீழ் ஸ்தாயியில் உலாவி, பஞ்சமத்தில் தங்கி, மேல் சட்ஜத்தைத் தொடவே பல நிமிஷம் எடுத்துக்கொள்வார். அந்த சட்ஜத்தின் சுகம் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்தான் இருக்கிறது. பத்து விநாடியில் அடுத்த பாட்டுக்குத் தள்ளுகிறவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. ஒரே ஒரு வகையை எடுத்து ஒரு வருஷம் அதோடு குடித்தனம் நடத்துங்கள். மற்றவை எங்கேயும் ஓடிப்போகாது.

ராப் எழுதும் இளைஞர், தாராவி

கே: நாங்க தமிழ்ல ராப் பண்றோம். ஆபீஸ்ல ஒரு சார், "எனக்கு எல்லா மியூசிக்கும் ஓகே, இந்த ராப், கானா, பறை மட்டும் வேணாம், வெறும் சத்தம்" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

ப: அந்த "மட்டும் வேணாம்" என்பதை அமெரிக்காவில் ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள், தம்பி. 1996-ல் பெத்தனி பிரைசன் என்ற சமூகவியலாளர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, ஹெவி மெட்டல் தவிர எதுவானாலும் சரி என்று பொருள்படும். படித்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான இசை வகைகளையே வெறுக்கிறார்கள் என்று அவர் கண்டார். ஆனால் இப்படிப் பரந்த மனசுக்காரர்கள் ஒதுக்கும் அந்தச் சில வகைகள் எவை? அதிகம் படிக்காதவர்கள் விரும்பிக் கேட்பவை. ராப், ஹெவி மெட்டல், கிராமிய கன்ட்ரி, தேவாலய காஸ்பெல். இவர்கள் காதால் ஒதுக்கவில்லை, முகவரியைப் பார்த்து ஒதுக்கினார்கள்.

நம் ஊரில் பறைக்கு நேர்ந்தது இதேதான். அதன் தாளத்தை உட்கார்ந்து கேட்டு, சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னவர் எத்தனை பேர்? அடிப்பவர் எந்தச் சேரி என்று பார்த்துத்தான் அதைச் சாவு மேளம் என்று ஒதுக்கினார்கள். இது ரசனைக் குறை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிற விஷயம் இல்லை. இது அநீதி.

இந்தச் சுவரை இடிக்கவும் சிலர் முயன்றிருக்கிறார்கள். சென்னையில் 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவிலேயே கர்நாடகக் கச்சேரி வைத்தார்கள். 2018-ல் இயக்குநர் பா. இரஞ்சித் முன்னெடுத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றியது. அதே வருஷம் வந்த 'காலா' படத்தில் தாராவியின் டோப்படெலிக்ஸ் ராப் குழுவை இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பாட வைத்தார். உங்கள் சாரிடம் வாதாட வேண்டாம். நீங்கள் எழுதியதில் நல்லதாக ஒன்றைக் கொடுத்து, முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை. மாட்டுங்கா வீடுகளில் பாடும் திருப்புகழைப் போய்க் கேளுங்கள். அதை இயற்றிய பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதரின் சந்தத்தைக் கவனியுங்கள். வல்லெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மூச்சு வாங்க இடமே இருக்காது. ஆனாலும் ஓர் அசைகூடத் தாளத்தைத் தாண்டாது. ராப்பில் நீங்கள் படும் பாடு அதுவேதான். அதைப் பாடும் மாமிக்கும் உங்களுக்கும் பேச நிறைய இருக்கிறது.

இல்லத்தரசி, செம்பூர்

கே: மகன் பாட்டு வகுப்புக்குப் போகிறான். இப்போது கிட்டாரும் வேண்டும் என்கிறான். வேறு இசை சேர்ந்தால் குரலும் சுருதியும் கெட்டுவிடும் என்கிறார் டீச்சர். எதை நம்புவது?

ப: உங்கள் பேட்டையையே நம்புங்கள், அம்மா. சங்கர் மகாதேவன் செம்பூர் பிள்ளை. டி.ஆர். பாலாமணியிடம் கர்நாடக இசையும் ஸ்ரீநிவாஸ் காளேயிடம் மராத்தி, இந்துஸ்தானி வழியும் கற்றார். 2024-ல் 'சக்தி' குழுவோடு கிராமி விருது வாங்கினார். அதே பாலாமணியின் மாணவி, மும்பையில் வளர்ந்த பாம்பே ஜெயஸ்ரீ. அவர் இந்துஸ்தானியும் கற்றார், 'மின்னலே' படத்தில் பாடினார், 2013-ல் ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். அதனால் சுருதி கெட்டதா? சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு 2023-ல் சங்கீத கலாநிதி கொடுத்தது. ஹரிஹரனுக்கு அம்மா அலமேலு மணிதான் முதல் குரு. பிறகு உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கானிடம் போனார். கஜல், 'ரோஜா' படப் பாட்டு, லெஸ்லி லூயிஸோடு 'கலோனியல் கசின்ஸ்' என்று எங்கெங்கோ போய் வந்தார்.

ஆனால் மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. முதலில் ஓரிடத்தில் கால் ஊன்றினார்கள். விடாமல் சாதகம் செய்தார்கள். ஆகவே டீச்சர் சொல்வதில் பாதி சரி: கற்பதற்கு முதலில் ஒன்று போதும். கேட்பதற்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டாம். வர்ணம் கைவந்த பிறகு கிட்டார் வாங்கித் தருவதாகச் சொல்லுங்கள். வர்ணம் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பாருங்கள்!

தமிழாசிரியர், வடாலா

கே: கச்சேரியில் மராத்தி அபங்கத்துக்குக் கைத்தட்டல் கூரையைப் பிளக்கிறது. தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வருகிறது. தமிழ் மட்டும் கேட்பேன் என்றால் நான் குறுகிய மனசுக்காரனா?

ப: சொந்த மொழியில் கேட்க ஆசைப்படுவது பிறப்புரிமை, ஐயா. 1943-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கியதே, தமிழ்நாட்டு மேடையில் தமிழ் துக்கடாவாகிப் போன குறையைத் தீர்க்கத்தான். அது குறுகல் இல்லை, பாக்கியைக் கேட்டு வாங்கியது. நீங்களும் சபாவுக்கு எழுதிக் கேளுங்கள். முத்துத் தாண்டவரும் கோபாலகிருஷ்ண பாரதியும் கச்சேரியின் நடுவிலேயே வரட்டும்.

ஆனால் அபங்கத்தை வேற்றாள் என்று எண்ண வேண்டாம். 1676 முதல் 1855 வரை தஞ்சாவூரை ஆண்டவர்கள் மராத்தியர்கள். நம் பஜனை சம்பிரதாயத்தில் அஷ்டபதி, தரங்கம், புரந்தரதாசர் பதங்களோடு அபங்கமும் கலந்திருக்கிறது. மும்பையில் வளர்ந்த அருணா சாய்ராம் அதைக் கச்சேரி மேடையில் பாடி, சென்னை சபாக்களையும் கட்டிப்போட்டார். தமிழுக்கு இடம் கேளுங்கள்; அதற்காக அபங்கம் பாடிய துக்காராமை வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

அரசு ஊழியர், அந்தோப் ஹில்

கே: ஐம்பத்தைந்து வயசாகிறது. புதுப் பாட்டு எதுவுமே மனசில் ஒட்டவில்லை. பாட்டு கெட்டுவிட்டதா, எனக்கு வயசாகிவிட்டதா?

ப: இரண்டும் இல்லை. ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-ல் பழைய, புதிய பாட்டுகளைப் பல வயதினருக்குப் போட்டுக் காட்டினார்கள். சராசரியாகப் பார்த்தால், தங்களுக்கு ஏறக்குறைய 24 வயது இருந்தபோது வந்த பாட்டுகளே அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தன. உங்கள் மனசும் அந்த வயசில் நங்கூரம் போட்டிருக்கிறது.

நங்கூரத்தைத் தூக்க வழி உண்டு. திரும்பத் திரும்பப் பார்த்தாலே, கேட்டாலே ஒன்றின்மேல் பிடிப்பு வரும் என்று 1968-லேயே உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் காட்டினார். உங்கள் மகளுக்குப் பிடித்த ஒரு பாட்டை, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடம் ஏன் பிடிக்கிறது என்று அவள் சொல்லச் சொல்லக் கேளுங்கள். நேசிக்கிறவர் காது வழியாகக் கேட்பதுதான் குறுக்கு வழி.

புதுமணத் தம்பதி, கோலிவாடா

கே: அவர் இளையராஜா கட்சி, நான் ரகுமான் கட்சி. யார் ஜெயிக்க வேண்டும்?

ப: வீட்டில் ஒரே ஒரு ஸ்பீக்கர் இருந்தாலும் இருவருமே ஜெயிக்கலாம். ராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாஹுக்கும் சேர்த்துச் சமர்ப்பித்தார். அவராலேயே இருவரை ஒரே நேரத்தில் கொண்டாட முடிந்திருக்கிறது. உங்கள் இருவராலும் முடியாதா?

முதியவர், கிங்ஸ் சர்க்கிள்

கே: ரசனை பரந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். என் ஜன்னலுக்குக் கீழே ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டிஜே போடுகிறார்கள். அதையும் ரசிக்க வேண்டுமா?

ப: வேண்டாம். அது ரசனைப் பிரச்சினை இல்லை, தூக்கப் பிரச்சினை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் எல்லை. திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை நீட்டிக்கலாம். தாராளமாகப் புகார் கொடுங்கள். அந்த நேரத்தில் தியாகராஜர் கிருதியை அலற விட்டாலும் கொடுங்கள்.

பல வாசகர்கள் சார்பாக

கே: சுருக்கமாகச் சொல்லுங்கள்: ரசனை எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்?

ப: கேட்பதில் அகலம், வைத்துக்கொள்வதில் கறார். சண்முகானந்தாவும் மாட்டுங்கா ஆஸ்திக சமாஜமும் தாராவியின் ராப்பும் பெண்டி பஜார் கரானாவும் இவ்வளவு நெருக்கத்தில் கிடைக்கும் ஊர் வேறு எங்கே இருக்கிறது? இங்கே குடியிருந்துகொண்டு ஒரே வாசலில் நிற்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் நஷ்டம். எல்லா வாசலிலும் ஒருமுறையாவது ஏறி, முழுசாகக் கேளுங்கள். பிறகு பத்தில் ஒன்பதை ஒதுக்கினாலும் உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. "கேட்டேன், பிடிக்கவில்லை" என்பவரோடு உட்கார்ந்து விடிய விடியப் பேசலாம். "கேட்டதில்லை, ஆனால் பிடிக்காது" என்பவரிடம்தான் பேச ஒன்றும் இல்லை.