சீட்டு ஜாதகம்

நாமக்கல்லில் முட்டை விலைகூட அடிக்கடி மாறும். டாக்டர் சீட்டு மட்டும் எல்.கே.ஜி.யிலேயே உறுதி. பிளஸ் ஒன் பாடம் வீண் என்று கண்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்த தீர்க்கதரிசிகள் வாழும் மண் அல்லவா! அப்போதெல்லாம் கட்-ஆஃபில் உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. 198 வந்தால் வெள்ளைக் கோட்டுக்கு அளவெடுக்கலாம். 2017-இல் நீட் நுழைந்ததும் கணக்கு 720-க்கு மாறியது. விடுதியும் விடியற்காலை மணியும் அப்படியே. பையனுக்கு விருப்பமா என்ற கேள்வி விண்ணப்பத்தில் இல்லை. கட்-ஆஃபில் சேராததை எதற்குக் கேட்பது?

சேலத்து அப்பா ஒருவர் மகனின் வாய்ப்பை விசாரித்தார். ஆலோசகர் மூன்று பக்கம் கணக்குப் போட்டுவிட்டு மெல்லச் சொன்னார்: “ஆறாவதிலிருந்தே கவர்மெண்ட் ஸ்கூல்ல போட்டிருந்தீங்கன்னா, 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைச்சிருக்குமுங்க.”

ஆலோசனைக் கட்டணம் தனி.