படத்தில் பஞ்சர் எங்கே?

இரண்டாயிரங்களின் நடுவில், நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸுக்கு சாஃப்ட்வேர் எழுதும் வேலை எனக்கு. 'சர்வீஸ் ஓரியன்டட் ஆர்க்கிடெக்சர்' என்ற மந்திரம் கொடிகட்டிப் பறந்த காலம். எல்லாவற்றையும் ஒரே புரோகிராமில் திணிக்காதே. புக்கிங், டீசல், வாடகை என்று பிரி. ஒருவர் பேரேட்டை இன்னொருவர் புரட்டக் கூடாது, வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும். சாரம் அவ்வளவுதான். கூடவே 'பிசினஸ் புராசஸ் மேனேஜ்மென்ட்' என்றும் ஒன்று: லோடு ஏறுவதிலிருந்து வாடகை வசூலாவது வரை கட்டம் கட்டமாக வரைந்து அம்புக்குறி போடுவது.

இதை விளக்க சென்னையிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார். பாவம், அவர் விளக்க வந்தது அந்த ஆபீஸில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. கிளார்க் லாரி ரசீது கிழிப்பார். ஒரு பிரதி சரக்கு அனுப்புகிறவருக்கு, ஒன்று டிரைவருக்கு, அடிக்கட்டை ஆபீஸுக்கு. டீசலுக்கு ஒரு துண்டுச்சீட்டு. வண்டியில் இருப்பது முட்டையா ஜவ்வரிசியா என்று பங்க்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. சீட்டில் முதலாளி கையெழுத்து இருந்தால் போதும். இதையே நாங்கள் எக்ஸ்எம்எல்லில் எழுதி, நாலு மடங்கு நீளமாக்கி, கூலியும் வாங்கினோம்.

இப்படிக் கட்டம் கட்டி அம்புக்குறி போட்டுச் சுவரில் மாட்டிய படத்தைக் கணக்குப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாம் நல்லாத்தானுங்க தம்பி இருக்குது. இதுல பஞ்சர் எங்க ஆகுது?" என்றார்.

அது விதிவிலக்கு, இரண்டாம் கட்டத்தில் சேர்த்துவிடலாம் என்றார் ஆலோசகர். இரண்டாம் கட்டம் வரவேயில்லை.

இன்று அந்த மந்திரத்தை வாயில் சொல்வாரில்லை. காரியம் மட்டும் நடந்துவிட்டது, அதுவும் அரசாங்கத்தின் கையால். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் செக்போஸ்ட்டுகள் போயின. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்ட இ-வே பில் வந்தது. சரக்கு விவரம் 'ஏ' பகுதியில், வண்டி நம்பர் 'பி' பகுதியில். நம்பர் சரியா என்று இ-வே பில் தளமே 'வாகன்' என்ற வண்டிப் பதிவேட்டில் பார்த்துக்கொள்கிறது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் சொல்லும் தகவலும் அதோடு சேர்கிறது. இ-இன்வாய்ஸ் போடும் கம்பெனிக்கு 'ஏ' பகுதி தானாகவே நிரம்பிவிடும். ஒருவர் பேரேட்டை ஒருவர் புரட்டுவதில்லை, கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அன்று சுவரில் மாட்டிய அதே படம்தான்.

பஞ்சர்? அதற்கும் இடம் கிடைத்துவிட்டது. பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. 2020 முடியும்வரை அதுவே 100 கிலோமீட்டர்தான். தொப்பூர் கணவாயில் வண்டி நின்றுவிட்டால், கெடு முடிய எட்டு மணி நேரம் இருக்கும்போதிலிருந்து, முடிந்து எட்டு மணி நேரம் ஆகும்வரை நீட்டிக்கலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டும். பட்டியலில் இயற்கைச் சீற்றம் உண்டு, சட்டம் ஒழுங்கு உண்டு, வண்டி மாற்றம் உண்டு, விபத்து உண்டு. கணக்குப்பிள்ளையின் பஞ்சர் 'மற்றவை'யில் அடக்கம். நீட்டிக்க மறந்து மாட்டினால் வரியைப்போல் இரு மடங்கு அபராதம். அதனால் அன்று எஸ்டிடி பூத்திலிருந்து வந்த டிரைவரின் நடுராத்திரி போன் இன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. எழுந்து உட்கார்ந்து 'பி' பகுதியைத் திருத்துவது இன்றும் ஒரு கிளார்க்தான். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசக் கற்றுக்கொண்டன. டிரைவரோடு பேச மட்டும் இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது.

புராசஸ் படம் வரையப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு ராத்திரி புக்கிங் ஆபீஸில் உட்காருங்கள். வருகிற போன் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். 'மற்றவை' என்ற கட்டத்தை முதலில் வரையுங்கள். மிச்சத்தை அந்தக் கிளார்க்கே சொல்லிவிடுவார்.